மாடிப்படியில் தொலைந்த மத்தியானம்

பிப்ரவரி 9

மருமகளே,

உன் தாய்மாமன் எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம், நான் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபால்காரனை ஓடவிடுகிறான் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தால் போதும், அடுப்படியில் இருக்கும் உன் அத்தைக்குக் காது ஒரு முழம் நீண்டுவிடுகிறது. அதனால் நீ பதில் போடும்போது வீட்டு விலாசத்துக்குப் போடாதே. சாமான் மாற்றும் கம்பெனி விலாசத்துக்கு, 'மேஸ்திரி' என்று மட்டும் எழுதிப் போடு. தபால்காரனுக்கு என்னைத் தெரியும். இந்தப் பகுதியில் என்னைத் தெரியாத தபால்காரன் இருந்தால் அவன் வேலைக்குப் புதிது.

போன வாரம் ஒரு பியானோவை இறக்கப் போனோம். பியானோ சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அம்மா வீடு மாற்றினார்கள். இரண்டாவது மாடி, குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம். பியானோ என்றால் நீ படத்தில் பார்த்தது மாதிரி இல்லை. உள்ளே முழு இரும்பு. ஒரு யானைக்குட்டியைக் கறுப்புப் பெட்டிக்குள் அடைத்த கனம். ஆறு பேர் வேண்டும் என்றார் முதலாளி. நான் இரண்டு பேர் போதும் என்றேன். அதில் ஒருவன் ஈர்க்குச்சியாக இருந்தாலும் போதும் என்றேன். ஈர்க்குச்சி யார் என்று உனக்குத் தெரியும், உன் அத்தையின் தம்பி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ளும் உடம்பு.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. பாரத்தைத் தோளில் வாங்கிக் கீழே நிற்பவன் சொல்வதுதான் சட்டம். அவன் "விடு" என்று சொல்கிற வரை மேலே நிற்பவன் பாரத்தைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டைக் கையிலிருந்து விடவே கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கூடாது. விட்டால் அன்றோடு வேலை போச்சு. கீழே நின்றது நான். இருபது வருஷமாகக் கீழே நிற்பது நான்தான்.

திருப்பத்தில் பியானோ கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஈர்க்குச்சி மேலேயிருந்து "முடியாது மச்சான்" என்றான். நான் மூச்சை அடக்கினேன், பல்லைக் கடித்தேன், ஒத்தை ஆளாக அதை ஒரு முழம் தூக்கித் திருப்பி வைத்தேன். டீச்சர் அம்மா மேலேயிருந்து கை தட்டினார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் திறந்து பார்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஈர்க்குச்சி பெல்ட்டை விட்டுவிட்டான்! பியானோ கடகடவென்று வருகிறது. வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே சப்பாத்தி மாவு. நான் இடது பக்கம் பாய்ந்தேன். பாயும்போதே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அவனையும் காப்பாற்றினேன். பியானோ கீழே போய்ச் சிதறியது. அவனுக்கு இரண்டு விரல் உடைந்தது, எனக்கு ஒரு கீறல் கிடையாது.

அவன் வேலை போய்விட்டது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் முதலாளி வந்து கேட்டபோது நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? உன் அத்தை, "என் புருஷனை நசுக்கப் பார்த்தவன் எனக்குத் தம்பியே இல்லை" என்று அவன் வீட்டுப் பக்கமே போவதில்லை.

அது இருக்கட்டும். உன்னிடம் கேட்க வந்தது வேறு. எனக்குத் தெரிந்த காவல்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷன், பெயர் வேண்டாம். அவருக்குத் திடீரென்று ஒரு மத்தியானம் முழுக்கக் காணாமல் போய்விட்டதாம். காலை ஞாபகம் இருக்கிறது, சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் டீ கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லையாம். கழுத்து நரம்பில் ரத்தம் தலைகீழாக ஓடினால் இப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னாராம். நீ நாள் முழுக்க ஊராரின் கழுத்தைத்தானே ஸ்கேன் எடுக்கிறாய். இது நிஜமா, டாக்டர் அடித்துவிட்ட கதையா? அவருக்குச் சொல்ல வேண்டும்.

உன் மாமன்

பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பக்கத்தில் இருந்தவள் நான் சிரிப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சிரித்தது முதல் பக்கத்துக்குத்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

முதலில் காவல்காரர் விஷயம். டாக்டர் கதை விடவில்லை. அது நரம்பு இல்லை மாமா, ரத்தக் குழாய். கழுத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தத்தை ஏற்றுவது, இன்னொன்று மூளையிலிருந்து இறக்குவது. இறக்குகிற குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. தண்ணீர் பம்பின் அடியில் இருக்கிற வால்வு மாதிரி, போனது திரும்பி வராமல் தடுக்க. சிலருக்கு அது சரியாக மூடாது. கனமான சாமானை மூச்சடக்கித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். ரத்தம் கழுத்து வழியாக மேலே திரும்பிப் போகலாம். புது ஞாபகங்களைப் பதிக்கிற சின்ன இடம் ஒன்று மூளையின் உள்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ரத்தம் தேங்கி அது கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள்.

நினைக்கிறார்கள் என்றுதான் எழுதுகிறேன், கவனியுங்கள். இதுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஏற்றுகிற குழாய் சட்டென்று சுருங்குவதால் இருக்கலாம் என்பவர்களும் உண்டு. ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கு அதிகம் வருகிறது. சில்லென்ற தண்ணீரில் இறங்கினாலும், பெரிய அதிர்ச்சியான செய்தி கேட்டாலும் வருகிறது. இந்த மறதி மட்டும் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். ஆனால் ஏற்றுகிற குழாயில் அடைப்பு வந்து விலகியிருந்தாலும் சில சமயம் இதே மாதிரிதான் தெரியும். அது வேறு கதை. அதற்குப் பின்னால் பக்கவாதம் காத்திருக்கலாம். எது என்று பார்க்காமல் இருக்கக் கூடாது. அந்த மனிதர் அந்த நேரத்தில் எப்படி இருந்தார், சொன்னதையே சொன்னாரா, தன் பெயர் தெரிந்ததா, கை கால் பலவீனமாக இருந்ததா என்று கூட இருந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அவர் கூட யார் இருந்தார்கள்?

அடுத்தது பியானோ. ஒரு சந்தேகம் மாமா. நீங்கள் பியானோவுக்குக் கீழே நின்றீர்கள். நீங்கள் ஈர்க்குச்சி என்கிற சித்தப்பா பியானோவுக்கு மேலே நின்றார். நடுவில் யானைக்குட்டி. கீழே இருந்துகொண்டு மேலே இருந்தவரின் சட்டையை எப்படிக் கொத்தாகப் பிடித்தீர்கள்?

கோபப்படாதீர்கள். அம்மா இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பாள், என்னைவிடச் சத்தமாக. காவல்காரர் அன்று காலை ஏதாவது கனமாகத் தூக்கினாரா என்று விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 24

மருமகளே,

நீ படித்தவள், நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் எட்டாவதில் கணக்கு வாத்தியாருக்கே சந்தேகம் தீர்த்தவன். சட்டை எப்படிப் பிடித்தேன் என்று கேட்கிறாய். என் கை நீளம் உனக்குத் தெரியாதா? நின்ற இடத்திலேயே பரண்மேல் சாமான் வைக்கிறவன் நான். அதோடு அவன் அப்போது மேலே நிற்கவில்லை, பக்கவாட்டில் வந்துவிட்டான். ஏன் வந்தான் என்று கேட்காதே, அவனைத்தான் கேட்க வேண்டும். நான் பியானோவின் மேல் ஒரு கையை ஊன்றி வலது பக்கம் எகிறிக் குதித்தேன். அதுதான் நடந்தது.

காவல்காரர் விஷயத்தில் நீ எழுதியதை அவரிடம் அப்படியே சொன்னேன். வால்வு விஷயம் எனக்கு உடனே புரிந்தது, பம்பு பிரித்துப் போட்டவனுக்குப் புரியாதா? ரத்தம் ரிவர்ஸ் கியரில் போகிறது, ஞாபக ரூமில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது, மோட்டார் நின்றுவிடுகிறது. கம்பெனி ஆட்களுக்கு மாலையில் கூட்டம் போட்டு இதை விளக்கினேன், வாயைப் பிளந்து கேட்டார்கள். எந்தக் காலேஜில் படிச்சீங்க அண்ணே என்று ஒருவன் கேட்டான்.

ஆனால் காவல்காரர் ஸ்கேனுக்குப் போக மாட்டேன் என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கழுத்தில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவரை யார் வேலையில் வைப்பார்கள்? இருபது வருஷமாக அவர் வாசலில் நின்றால்தான் மற்றவர்களுக்குத் தைரியம். அவரைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அவர் வெறும் சதைமூட்டை. அவர் இன்னொன்றும் சொல்கிறார். அந்த மத்தியானத்தை நினைக்கப் பார்த்தால் இருட்டுகூட இல்லையாம். இருட்டாக இருந்தால் இருட்டு என்றாவது சொல்லலாம். சினிமாவில் ரீல் அறுந்தால் வெள்ளைத் திரையாவது தெரியும், இது அதுவும் இல்லையாம். காலையும் சாயங்காலமும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆனால் நடந்திருக்கிறதே! எல்லோரும் வந்து என்ன நடந்தது, என்ன நடந்தது என்று முகத்தைப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் ஏதாவது வந்துதானே ஆக வேண்டும்?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேற்றுகூட ஒரு பீரோவை ஒரு கையால் ஏற்றினேன். உன் அத்தைதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. தம்பியைத் திட்டுகிறாள், திட்டி முடித்ததும் அவன் விரல் எப்படி இருக்கிறதோ என்கிறாள்.

உன் மாமன்

மார்ச் 4

மாமா,

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். நீங்கள் சொல்லாததை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அவர் முதலில் "விடும்மா, என் கைதான் நழுவிச்சு" என்றார். நான் விடவில்லை. காவல்காரர் கதையை அவரிடம் சொன்னேன். அப்புறம் சொன்னார்.

நீங்கள் பியானோவை ஒத்தை ஆளாகத் தூக்கியது நிஜம். அதைச் சொல்லும்போது அவர் குரலிலேயே பெருமை இருந்தது. திருப்பத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினீர்களாம். பிறகு நிமிர்ந்து பார்த்து, "இது யார் வீடு?" என்றீர்களாம். நீங்கள் எப்போதும் அடிக்கிற கூத்து என்று நினைத்து அவரும், "ராஜா வீட்டு அரண்மனை மச்சான்" என்றாராம். நீங்கள் தலையாட்டிவிட்டு, "இது யார் வீடு? இது என்ன சாமான்?" என்றீர்களாம். அவர் சிரித்தாராம். மாடியில் டீச்சரும் சிரித்தார்களாம். திரும்பத் திரும்ப, அதே குரலில், அதே முகத்தோடு அதையே கேட்டீர்களாம். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் இரண்டாவது தடவையே பயந்திருப்பார்கள். கேட்டது நீங்கள். அதனால்தான் அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

பிறகு நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். பியானோவுக்கு நேர் கீழே. பாதிப் பாரம் விளிம்புக்கு வெளியே இருந்தது. எழுந்திரிங்க என்று கத்தியும் எழவில்லை. அவர் பெல்ட்டைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிவிட்டு, பியானோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து இறங்கியிருக்கிறார். அந்த இடுக்கில் அவர் உடம்பு ஒன்றுதான் நுழையும். உங்களை அக்குளில் கை கொடுத்து இழுத்திருக்கிறார். கம்பி பிடுங்கிக்கொண்டது, பியானோ சரிந்தது. அவர் கை கடைசியாக வெளியே வந்தது. விரல் அப்படித்தான் உடைந்தது.

யார் சட்டையை யார் பிடித்தார்கள் என்று இப்போது தெரிகிறதா மாமா?

ஆஸ்பத்திரியில் அவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது முதலாளியிடம் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம், கை காலெல்லாம் ஆட்டி. கேட்டுக்கொண்டே நின்றாராம். ஏன் சித்தப்பா வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். "நான் உண்மையைச் சொன்னா மச்சானுக்குக் கீழ நிக்கிற வேலை போயிடும்மா. அது போச்சுன்னா அவருக்கு என்ன இருக்கு?" என்றார். அத்தை அவரோடு பேசாமல் இருப்பதைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே என்றார்.

உங்கள் கழுத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வகைக் குழாயையும். அதுவரை எதையும் தூக்கக் கூடாது. முதலாளியிடம் போய் உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள். கதை வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

மருமகள்

மார்ச் 11

அம்மாடி,

பெரிய மனுஷி ஆகிவிட்டாய். தாய்மாமனைப் பொய்யன் என்று எழுதுகிற அளவுக்கு. உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்த போதெல்லாம் இந்தக் கழுத்தில் எந்த வால்வு இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஈர்க்குச்சி சொன்னால் வேதவாக்கு, நான் சொன்னால் கதை. சரி. அவன் என்னை இழுத்தானாம். அவன்! ஒரு மூட்டை அரிசியை இழுக்கச் சொன்னால் மூட்டை அவனை இழுக்கும். என் எடை உனக்குத் தெரியுமா?

நான் படியில் போய் உட்கார்ந்தேனாம். வேலை நடுவில், பாரத்துக்குக் கீழே. இருபது வருஷத்தில் நான் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? மழையில், காய்ச்சலில், உன் அம்மா போன மறுவாரத்தில்கூட நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு வக்கீல் ஆபீஸில் இரும்புப் பெட்டகம் இறக்குகிறோம். மூன்றாவது மாடி. மேலே பெல்ட் பிடிக்கப் புது ஆள் ஒருவன், நல்ல கட்டுமஸ்தானவன், சொன்ன சொல் தட்ட மாட்டான். கீழே நான்தான். இறக்கிக் காட்டிவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

பதில் போட வேண்டாம்.

மாமன்

மார்ச் 15

மாமா,

பதில் போட வேண்டாம் என்றீர்கள். போடுகிறேன்.

உங்களை நான் பொய்யர் என்று நினைக்கவில்லை. தூங்கி எழுந்தவர் கனவை யாரிடமாவது சொல்லும்போது நடுவில் விட்டுப்போனதை இட்டு நிரப்பிச் சொல்வார். எல்லோரும் செய்வதுதான். நீங்கள் எங்களைவிட நன்றாகச் செய்வீர்கள், சின்ன வயதில் அதற்காகத்தான் உங்கள் மடியில் வந்து உட்காருவோம். இந்தத் தடவை உங்கள் கையில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மறதி பெரும்பாலானவர்களுக்கு ஒரே தடவையோடு போய்விடும். சிலருக்கு மட்டும் திரும்ப வரும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை பெட்டகத்தை மூச்சடக்கித் தூக்கிவிட்டு மறுபடி "இது யார் வீடு" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டால், மேலே நிற்கிற புது ஆள் என்ன செய்வார்? சொன்ன சொல் தட்டாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் "விடு" என்று சொல்கிற வரை பெல்ட்டை விட மாட்டார். நீங்கள் சொல்லவும் மாட்டீர்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாது. கீழே தாங்க ஆள் இல்லாத பெட்டகத்தை ஒருவரால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? பெல்ட்டை விடாமலேயே அவரும் சேர்ந்து உங்கள் மேல் வந்து விழுவார்.

அவருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

மருமகள்

மார்ச் 29

மருமகளே,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டியில் கயிறும் பலகையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புது ஆள் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொன்னாலும் "சரிண்ணே, சரிண்ணே" என்றான். அந்தச் சரிண்ணேதான் என்னை முதலாளியிடம் அனுப்பியது. அவர் டீ ஊதிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, பியானோ விழுந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல."

"ம்ம். அப்புறம்?" என்றார். மிச்சக் கதைக்குக் காத்திருக்கிறார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

"யோவ், பத்து வருஷத்துக்கு முன்னாடி தூக்குன பீரோவுக்கு எத்தனை கீலுன்னு சொல்லுவ. உனக்கா ஞாபகம் இல்ல?"

வண்டிப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். "மச்சானுக்காக அண்ணன் புதுசா ஒரு கதை கட்டுறாருடா" என்றான் ஒருவன். "இதுல பியானோ பறக்குமா அண்ணே?" என்றான் இன்னொருவன். இத்தனை வருஷம் நான் அவிழ்த்துவிட்டதை எல்லாம் வாயைப் பிளந்து நம்பிய பயல்கள். கூட்டாமல் குறைக்காமல் ஒரே ஒரு வரி சொன்னேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் முதலாளி டீயைக் கீழே வைத்தார். ஈர்க்குச்சிக்கு ஆள் அனுப்பினார்.

அவன் வந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் விட்டேன் முதலாளி. அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்தாரு" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் இன்னொரு கையையும் உடைத்திருப்பேன். "டேய், நீ எனக்குப் பொய் சொல்லித் தர்றியா? என் மருமககிட்ட எல்லாத்தையும் சொன்னியே, இங்க சொல்லு. நான் என்னடா கேட்டேன்?"

"யாரு வீடுன்னு கேட்டீங்க."

"கேட்டேன்ல? கேட்டுட்டு ஏன்டா உக்காந்தேன்? நான் உக்கார்ற ஆளாடா?"

அவன் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டே நின்றான்.

"சொல்றா!"

"அக்கா சாப்பிட்டாளான்னு கேட்டீங்க மச்சான்."

"எந்த அக்கா?" என்றார் முதலாளி.

"அவரோட அக்கா."

உன் அம்மா போன அன்று வண்டி கொடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்தவர் முதலாளி.

"செத்துப்போயிட்டாங்களே மச்சான்னு சொல்லிட்டேன்" என்றான் ஈர்க்குச்சி. "ரெண்டு வருசமாச்சே, தெரிஞ்சதுதானேன்னு சொல்லிட்டேன். அப்பதான் முதல் தடவையா கேக்கிற மாதிரி பாத்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு. எந்திரிக்கல. அதான் முதலாளி பெல்ட்ட விட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை, மருமகளே. பியானோ பறக்குமா என்று கேட்டவன் போய்க் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, விரல் கூடியதும் வருவான். எனக்குக் கீழே நிற்கிற வேலை போய்விட்டது. பாத்திரம், கண்ணாடிச் சாமான் எல்லாம் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். கோப்பைகளை நான் சுற்றுகிற வேகத்துக்கு என்று எழுத ஆரம்பித்தேன், வேண்டாம். மெதுவாகத்தான் சுற்றுகிறேன். இரண்டு உடைந்தது. பெட்டகத்தை வேறு நான்கு பேர் இறக்கினார்கள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். "விடு" என்று வேறு ஒருவன் குரல் கேட்டது.

அன்று சாயங்காலம் உன் அத்தையிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள், ஒரு வாரம் அங்கேயே இருந்துவிட்டு முந்தாநாள் வந்தாள். தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் பதில் சொல்லலாம், அவள் கேட்கவே இல்லை.

ஸ்கேனுக்குப் போனேன். கழுத்தில் பசையைத் தடவி, மூச்சை அடக்கி முக்குங்கள் என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண். நீயும் தினமும் இப்படித்தான் சொல்வாயா? ஏற்றுகிற குழாய் இரண்டும் சுத்தமாம், அடைப்பு இல்லையாம். இறக்குகிற குழாயில் இடது பக்க வால்வு சரியாக மூடவில்லையாம், முக்கும்போது ரத்தம் திரும்புகிறதாம். அதனால்தானா டாக்டர் என்றேன். இருக்கலாம் என்றார். இப்படி வால்வு இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் எதையும் மறக்காமல் இருக்கிறார்களாம். தலைக்குள் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவு நாள் கழித்து எடுத்தால் தெரியாதாம். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் அவராக இருந்தால் இந்நேரம் ஒரு நல்ல காரணம் சொல்லியிருப்பேன்.

அவர் இன்னொன்று கேட்டார். கனம் தூக்கினதும் இப்படி ஆச்சா, இல்லை ஏதாவது துக்கமான செய்தி கேட்டு ஆச்சா என்று. தூக்கினதும்தான் சார், செய்தி அப்புறம்தான் கேட்டேன் என்றேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். உன்னிடம் போனில் ஈர்க்குச்சி ஏன் இதை மட்டும் சொல்லாமல் விட்டான் என்று உனக்கே புரிந்திருக்கும், அவள் உன் அம்மா. ஆனால் உனக்கு எழுதாமல் நான் யாருக்கு எழுத? நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். மிச்சத்தையும் சொல்லுடா, நான் குறுக்கே பேச மாட்டேன் என்றேன். சொன்னான். நான் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலும் நான் அதையேதான் கேட்டேனாம். அக்கா சாப்பிட்டாளா? இந்தத் தடவை அவன் உண்மையைச் சொல்லவில்லை. பொய் சொல்லவே வராத பயல், உடைந்த விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, "சாப்பிட்டாங்க மச்சான், இப்பதான் படுத்தாங்க" என்றானாம். "சரி, சத்தம் போடாத, தூங்கட்டும்" என்று நான் சொன்னேனாம். கொஞ்சம் போனதும் மறுபடி கேட்டேனாம், அவன் மறுபடி சொன்னானாம், நானும் மறுபடி குரலைத் தாழ்த்திக்கொண்டேனாம். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் என் முகம் தெளிந்ததாம், அதனால் அவனுக்குச் சொல்ல அலுக்கவில்லையாம்.

அந்த மத்தியானம் முழுக்க என் அக்கா எனக்கு உயிரோடு இருந்திருக்கிறாள், மருமகளே. எனக்குத்தான் ஞாபகம் இல்லை.

மாமன்